முன்பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு செயலி: வடிவமைக்கத் தொடங்குவோருக்கு

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ கணினி கற்று, முன்பள்ளி ஆசிரியர்களையும் பெற்றோரையும் இணைக்கும் கைபேசிச் செயலி ஒன்றை இறுதியாண்டுச் செயற்றிட்டமாகச் செய்ய விரும்பும் இளைஞர்களை மனத்தில் வைத்து இக்கட்டுரையை எழுதுகிறேன். தங்கள் ஊர் முன்பள்ளிக்கோ பகல் பராமரிப்பு நிலையத்துக்கோ உதவ நினைக்கும் பிறருக்கும் இது பயன்படும். நிரல் எழுதும் முறையை இங்கே விளக்கப் போவதில்லை; அதைக் கற்பதற்கு வழிகள் பல உண்டு. எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் விட வேண்டும், அது யாருடைய கையில் போய்ச் சேரும் என்பவற்றையே படிப்படியாகச் சொல்கிறேன். மூன்று வயதுப் பிள்ளை ஒன்று காலையில் வீட்டாரின் கையிலிருந்து ஆசிரியையின் கைக்கு மாறுகிறது. நண்பகலுக்கு முன் மீண்டும் வீட்டாரின் கைக்கு வருகிறது. இவ்விரண்டு கைமாற்றங்களுக்கும் இடையில் தவறவிடக் கூடாத செய்தி தவறாமல் உரியவரைச் சென்றடைய வேண்டும். செயலி அதற்காகவே இருக்கிறது. மற்றவை எல்லாம் அதன் பின்னரே வருகின்றன.

முதற்படி: முன்பள்ளியில் உட்காருதல்

ஒரு திரையையும் வரைவதற்கு முன், குறைந்தது ஐந்து வேலை நாட்களாவது ஒரு முன்பள்ளியில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். இதற்கு முறையான அனுமதி வேண்டும். முன்பள்ளிகள் மாகாண சபையின் பொறுப்பில் இருப்பவை; கிழக்கு மாகாணத்தில் இதற்கெனப் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகம் இயங்குகிறது; பிரதேச செயலகங்களில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்கான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். முன்பள்ளியை நடத்தும் குழுவிடமும் அந்த உத்தியோகத்தரிடமும் பேசி, பெற்றோருக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுச் செல்லுங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

நான் முதன்முறை இந்த ஒழுங்கைப் பின்பற்றவில்லை. வீட்டில் இருந்தபடியே பதினான்கு திரைகளை வரைந்து, அவற்றை மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்து முன்பள்ளி ஒன்றுக்கு எடுத்துச் சென்றேன். காலை எட்டு மணி. ஒரு கையில் அழுகிற பிள்ளையையும் மறு கையில் இன்னொரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலையும் வைத்திருந்த ஆசிரியை, அந்தத் திரைகளைப் பார்த்துவிட்டு, "இதை நான் எந்தக் கையால அமத்துறது தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என் பதினான்கு திரைகளில் ஒன்றிலும் விடை இருக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு திரையையும் அந்தக் கேள்வியை வைத்தே அளந்து வருகிறேன்.

கொப்பியில் குறிக்க வேண்டியவை இவை: யார் யாரிடம் என்ன சொன்னார், எந்த நேரத்தில் சொன்னார், எந்த வழியில் சொன்னார், சொன்ன செய்தி போய்ச் சேர்ந்ததா. வாசலில் வாயால் சொன்னது, பிள்ளையின் பையில் வைத்தனுப்பிய துண்டுக் காகிதம், அறிவித்தல் பலகை, வாட்ஸ்அப் குழு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தாயிடம் சொல்லியனுப்பியது ஆகிய எல்லாவற்றையும் எழுதுங்கள். ஐந்து நாட்களின் முடிவில் செய்திகள் தாமாகவே வகைப்படும். காய்ச்சல், விழுந்து அடிபட்டது, இன்று வேறொருவர் கூட்டிச் செல்ல வருகிறார் என்பன போன்று உடனே தெரிய வேண்டியவை ஒரு வகை. நாளை விடுமுறை, வெள்ளிக்கிழமை இலைக்கஞ்சி, திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம் என்று எல்லாருக்கும் பொதுவானவை இன்னொரு வகை. பிள்ளை சாப்பிட்டதா, அழுததா, எவருடன் விளையாடியது என்பவை மூன்றாம் வகை. முதல் வகைச் செய்திகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு என்பதையும், வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே மறைந்துபோகிறவை பெரும்பாலும் அவையே என்பதையும் உங்கள் கொப்பியே உங்களுக்குக் காட்டும்.

இரண்டாம் படி: மறுமுனையில் இருப்பவரை அறிதல்

"பெற்றோர்" என்ற சொல்லை எழுதி அதற்கொரு கணக்கை ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று புதியவர்கள் எண்ணுகிறார்கள். நம் பகுதியில் அது பொருந்தாது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் மணமானபின் கணவர் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதே வழக்கம் என்பதால், பிள்ளையைச் சுற்றி அம்மம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருக்கிறார்கள். முன்பள்ளி வாசலுக்கு வருபவர் இவர்களில் எவராகவும் இருக்கலாம். தாய் குவைத்திலோ கட்டாரிலோ சவூதியிலோ வீட்டுப் பணியில் இருக்க, பிள்ளை அம்மம்மாவிடம் வளரும் குடும்பங்களும் உண்டு. தந்தை அதிகாலையில் கடலுக்கோ வயலுக்கோ போகும்போது வீட்டில் உள்ள ஒரே திறன்பேசியும் அவருடன் போய்விடுகிறது.

ஆகவே கணக்கின் மையமாகப் பிள்ளையை வையுங்கள். ஒரு பிள்ளையின் கீழ் பராமரிப்பவர்கள் பலர் இணையலாம். ஒவ்வொருவருக்கும் உரிமை வேறுபடும். பாதுகாவலர் மற்றவர்களைச் சேர்க்கவும் நீக்கவும் முடியும். கூட்டிச் செல்ல அனுமதிக்கப்பட்டவரின் படமும் பெயரும் ஆசிரியையின் திரையில் தெரியும். அவரிடம் கைபேசி இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொலைவில் இருப்பவர் அன்றைய குறிப்புகளைப் பார்க்கலாம், குரல்பதிவு அனுப்பலாம். குவைத், கட்டார், சவூதி ஆகிய நாடுகள் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருக்கின்றன. இங்கே பதினொன்றரைக்குப் பிள்ளை வீடு திரும்பும்போது அங்கே ஒன்பது மணி. வீட்டுப் பணியில் இருக்கும் ஒரு தாய் அந்த நேரத்தில் கைபேசியைத் தொட முடியாமல் இருக்கலாம். அவர் இரவில் திறந்தாலும் அன்றைய நாள் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும்படி திரையை அமையுங்கள். என் கருத்தில், இந்தச் செயலியால் மிகுதியாகப் பயன்பெறப் போகிறவர் அந்தத் தாய்தான்.

உறவுமுறைப் பெயர்களின் பட்டியலில் அம்மா, அப்பா என்பவற்றோடு உம்மா, வாப்பா என்பவையும் இருக்க வேண்டும்; அம்மம்மா, அப்பம்மா என்பவற்றோடு உம்மும்மாவும் இருக்க வேண்டும். காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ ஒரு தாய் தன்னை "அம்மா" என்று தெரிவுசெய்ய வேண்டிய நிலையை உண்டாக்குவது அவரை இரவல் வீட்டில் உட்கார வைப்பதற்குச் சமம். தந்தையின் பெயரைக் கட்டாயம் நிரப்ப வேண்டிய புலமாக ஆக்காதீர்கள். அந்தப் பெட்டி வெறுமையாக இருக்கக் காரணங்கள் பல இருக்கலாம், அவற்றை ஒரு செயலி கேட்கத் தேவையில்லை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற பிரிவும் நமக்கு உரியதன்று. முதலெழுத்துகள், பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர் என மூன்று புலங்கள் போதும். வகுப்பில் ஒரே பெயரில் இருவர் இருக்கும்போது கூப்பிடும் பெயர்தான் ஆசிரியைக்கு உதவும்.

கணக்குத் திறப்பதற்குக் கடவுச்சொல் வேண்டாம். முன்பள்ளியே ஓர் அழைப்பு அட்டையை அச்சிட்டு, ஆசிரியை அதை நேரில் கொடுக்கட்டும். அதிலுள்ள குறியீட்டைக் கைபேசியால் வருடினால் கணக்குத் திறக்கும். ஒருமுறை பயன்படுத்தியதும் அந்த அட்டை செல்லாததாகிவிடும். கொடுப்பவர் தான் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்த்தே கொடுப்பதால், தொலைபேசி எண்ணுக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டைவிட இது உறுதியானது. வெளிநாட்டில் இருக்கும் தாய்க்குரிய இணைப்பை வீட்டிலுள்ள பாதுகாவலரே அனுப்பலாம்.

மூன்றாம் படி: வேண்டாதவற்றை நீக்குதல்

முதற்பதிப்பில் நான்கு வேலைகள் மட்டும் இருக்கட்டும்: வரவும் ஒப்படைப்பும், அவசரச் செய்தி, பொது அறிவித்தல், அன்றைய குறிப்பு. கட்டண வசூல், படத்தொகுப்பு, வளர்ச்சி வரைபடம், வீட்டுப்பாடம் ஆகியவற்றைப் பிறகு பார்க்கலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் அனுப்பும் வசதியைப் பிறகும் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

குழு உரையாடலையும் சேர்க்காதீர்கள். எல்லாரும் எல்லாருக்கும் எழுதும் இடத்தில் ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையைக் கடித்த செய்தி இரண்டு குடும்பங்களின் பகையாக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். பொது அறிவித்தலுக்குப் பெற்றோர் அளிக்கும் மறுமொழி ஆசிரியைக்கு மட்டும் தெரியட்டும். ஆசிரியையின் சொந்தத் தொலைபேசி எண்ணைச் செயலி யாருக்கும் காட்டக் கூடாது. மாலை ஆறு மணிக்குப் பின் பெற்றோர் அனுப்பும் செய்தியை ஏற்றுக்கொண்டு, "ஆசிரியை இதை நாளை காலையில் பார்ப்பார்" என்று சொல்லி, மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆசிரியையிடம் சேருங்கள். முன்பள்ளி ஆசிரியைகள் சிறிய கொடுப்பனவுக்கு உழைப்பவர்கள். அவர்களுடைய இரவுகளையும் எடுத்துக்கொள்ளும் கருவியை அவர்கள் ஒரு மாதத்தில் கைவிட்டுவிடுவார்கள், அது முற்றிலும் நியாயமானது.

நான்காம் படி: ஆசிரியையின் திரை

எட்டு மணியிலிருந்து பதினொன்றரை மணி வரை ஆசிரியைக்குத் தட்டச்சு செய்ய நேரம் கிடைக்காது என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் இத்திரையின் பாதி வடிவம் கிடைத்துவிடும். செயலியைத் திறந்தவுடன் வகுப்பிலுள்ள இருபது இருபத்தைந்து பிள்ளைகளின் பெயர்களும் கட்டங்களாகத் தெரிய வேண்டும். பெயரை ஒருமுறை தொட்டால் பிள்ளை வந்துவிட்டது. எல்லாரும் வந்ததாக முன்கூட்டியே குறித்துவிட்டு வராதவர்களை மட்டும் நீக்கச் சொல்லும் முறை வேகமானதுதான். ஆனால் வராத பிள்ளையை வந்ததாகக் காட்டும் தவறு, வந்த பிள்ளையை வராததாகக் காட்டும் தவறைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. ஆகையால் ஒவ்வொரு பெயரையும் தொட வைக்கும் சிறு சிரமத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்குள் வராத, முன்னறிவிப்பும் இல்லாத பிள்ளையின் வீட்டாருக்கு "பிள்ளை இன்று வரவில்லை" என்ற செய்தி போகட்டும்.

ஒப்படைக்கும் நேரத்தில் பெயரைத் தொட்டால் அனுமதிக்கப்பட்டவர்களின் படங்கள் பெரிதாக வர வேண்டும். வந்தவரின் படத்தைத் தொட்டதும் ஒப்படைப்புப் பதிவாகும். பட்டியலில் இல்லாதவர் வந்தால் திரை தடுத்து நிறுத்திவிட்டுப் பாதுகாவலரை அழைக்கும் பொத்தானைக் காட்டட்டும். விரல் படும் இடங்கள் அண்ட்ரொய்ட் வடிவமைப்பு நெறிகள் கூறும் 48 dp (திரையின் அடர்த்தியைச் சாராத அலகு) உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நான் அதைவிடப் பெரிதாகவே வைப்பேன், ஏனெனில் ஆசிரியையின் விரலில் சோறும் களிமண்ணும் இருக்கும். தவறாகத் தொட்டதை மீட்கும் வழி அதே திரையில் சில விநாடிகள் தெரியட்டும்.

அன்றைய குறிப்புக்கு ஆசிரியைகளுடன் உட்கார்ந்து ஆயத்த வாக்கியங்களைத் தொகுங்கள். இங்கே தமிழ் தனக்கே உரிய சிக்கலைக் கொண்டுவருகிறது. வாக்கியத்தின் நடுவில் பெயரைச் செருகும் முறை நம் மொழியில் இயங்காது. கண்ணனுக்கு, கவிதாவுக்கு, மதிக்கு, ரிஷாத்துக்கு என்று வேற்றுமையுருபு பெயரின் ஈற்றைப் பொறுத்து மாறும். நிரல் அதை இயந்திரமாக ஒட்டும்போது "கவிதாஉக்கு" என்று வந்து நிற்கும். வினைமுற்றும் அப்படியே: சாப்பிட்டான், சாப்பிட்டாள், சாப்பிட்டார் என்பவற்றுள் எதை எழுதுவது? நம் ஊர்ப் பேச்சில் "பிள்ளை சாப்பிட்டது" என்று சொல்வது அன்பான, இயல்பான வழக்கு. ஆகவே பெயரைத் தலைப்பாகத் தனியே வைத்து, அதன் கீழே "பிள்ளை சாப்பாட்டை முழுதும் சாப்பிட்டது", "பிள்ளை சிறிது நேரம் அழுதது, பிறகு விளையாடியது" என்று எழுதினால் ஆண், பெண் வேறுபாடும் உருபுச் சிக்கலும் ஒருங்கே தீர்கின்றன. இத்தகைய பன்னிரண்டு பதினைந்து வாக்கியங்கள் போதும். அதற்கு மேற்பட்டதை ஆசிரியை குரலால் சொல்லட்டும்.

குரல்பதிவைப் பிற்சேர்க்கையாகக் கருதாதீர்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் அம்மம்மாவுக்கும், கடலுக்குப் போகும் வழியில் இருக்கும் தந்தைக்கும் அதுவே முதல் வழி. முப்பது விநாடி எல்லை வையுங்கள். பேச்சுக்கு ஏற்ற முறையில் விநாடிக்கு 16 கிலோபிட் அளவில் சுருக்கினால் முப்பது விநாடிப் பதிவு ஏறத்தாழ 60 கிலோபைட்தான். சுருக்காமல் அனுப்பும் 3 மெகாபைட் படமொன்றின் இடத்தில் இத்தகைய ஐம்பது பதிவுகள் அடங்கும். ரீலோட் போட்டு நாளைக்கு நாள் டேட்டா வாங்கும் வீட்டுக்கு இந்த வேறுபாடு பெரிது.

இனி மிக முக்கியமான ஒன்று. எந்தச் செய்தியைச் செயலி கொண்டு போகக் கூடாது என்பதை ஆசிரியைகளுடன் பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை விழுந்து தலையில் அடிபட்டால் முதலில் தொலைபேசி அழைப்பு. தேவையென்றால் 1990 அம்புலன்ஸ். அதன் பின்னரே செயலியில் பதிவு. அந்தப் பதிவில் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார், என்ன முதலுதவி செய்யப்பட்டது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். அடிபட்டதற்கு வேறு பிள்ளை காரணமாக இருந்தால் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கக் கூடாது. பேச்சு வளர்ச்சி பின்தங்கியிருப்பதுபோலத் தெரிகிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்பன போன்ற ஐயங்களைச் செயலியில் எழுத இடமே வைக்காதீர்கள். அவற்றைத் தாயை அருகில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டுடன் குடும்ப நல மருத்துவ மாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ செல்லும் வழியைக் காட்ட வேண்டும். அதற்காகச் செயலி செய்யக்கூடிய உதவி, "ஆசிரியை உங்களை நேரில் சந்திக்க விரும்புகிறார்" என்ற ஒற்றை வரிதான்.

ஐந்தாம் படி: எழுத்து

பெற்றோர் விவரங்களும் பழைய சுற்றறிக்கைகளும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகளாகவே உங்கள் கைக்கு வரும். அவற்றை யுனிகோடுக்கு மாற்றிய பின், ஒவ்வொரு பெயரையும் கண்ணால் சரிபாருங்கள். மாற்றும் கருவிகள் கொம்பு, கால் ஆகியவற்றில் பிழை விடுவதுண்டு. தன் பிள்ளையின் பெயரைப் பிழையாகக் காட்டும் செயலியை எந்தத் தாயும் நம்பமாட்டார். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் வரைந்த பொத்தானுக்குள் "ஒப்படைக்கப்பட்டது" என்ற சொல் அடங்காது; ஆகவே திரைகளைத் தொடக்கத்திலிருந்தே தமிழில் வரையுங்கள். மேலும் கீழும் குறிகள் வரும் எழுத்துகள் என்பதால் வரி இடைவெளியையும் தாராளமாக விடுங்கள்.

குறுஞ்செய்தி அனுப்ப எண்ணினால் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்துகளைக் கொள்ளும். தமிழில் அது 70 குறிகளாகக் குறைந்துவிடும். நீளம் அதைத் தாண்டித் துண்டுகளாகப் பிரிந்தால் ஒவ்வொரு துண்டிலும் 67. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. "நாளை முன்பள்ளி நடைபெறாது" என்பது நம் கண்ணுக்குப் பன்னிரண்டு எழுத்தும் இரண்டு இடைவெளியும். யுனிகோட் கணக்கில் 24 குறிகள். ஆகையால் அவசரக் குறுஞ்செய்திகளை முன்கூட்டியே செதுக்கி, ஒவ்வொன்றும் 70 குறிகளுக்குள் முடிகிறதா என்று எண்ணிப் பார்த்து வையுங்கள். பணம் துண்டுக் கணக்கிலேயே போகிறது.

அம்பாறை மாவட்டத்தில் சிங்களம் பேசும் குடும்பங்களும் ஒரே நிலையத்தைப் பயன்படுத்தும் இடங்கள் உள்ளன. மொழியைப் பராமரிப்பவர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தெரிவுசெய்யட்டும்.

ஆறாம் படி: மழையும் வலையமைப்பும்

கார்த்திகை மார்கழியில் வடகீழ்ப் பருவமழை இறங்கும்போதுதான் இந்தச் செயலிக்கு உண்மையான சோதனை வரும். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் செல்லும் வீதி நீரில் மூழ்கும்; வாவியில் நீர் ஏறினால் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஓடும் பாதையும் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகை நம் ஊரில் பாதை என்பார்கள்), குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே ஓடும் பாதையும் நின்றுபோகலாம். ஆசிரியை அக்கரையில் இருப்பார், பிள்ளைகள் இக்கரையில் இருப்பார்கள். மின்சாரமும் இருக்காது. "இன்று முன்பள்ளி இல்லை" என்ற செய்தியைக் காலை ஆறு மணிக்குள் அனுப்ப ஆசிரியைக்கு இரண்டு தொடுகைகளுக்கு மேல் தேவைப்படக் கூடாது.

செயலி இணைய இணைப்பு இல்லாதபோதும் முழுமையாக இயங்க வேண்டும். வரவும் ஒப்படைப்பும் முதலில் கைபேசிக்குள்ளே பதிவாகட்டும். இணைப்பு வந்ததும் சேவையகத்துக்குப் போகட்டும். அனுப்பப்பட்டது, சென்றடைந்தது, பார்க்கப்பட்டது என்ற மூன்று நிலைகளையும் ஆசிரியைக்குத் தெளிவாகக் காட்டுங்கள். அண்ட்ரொய்ட் 6ஆம் பதிப்பிலிருந்து, அசைவின்றிக் கிடக்கும் கைபேசி மின்கலத்தைச் சேமிப்பதற்காகப் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடுகிறது. ஆகவே அவசர அறிவித்தலை உயர் முன்னுரிமையுடன் அனுப்ப வேண்டும். 13ஆம் பதிப்பிலிருந்து அறிவித்தல் காட்டவே பயனரின் அனுமதி தேவை. புரியாத பெட்டி ஒன்று திரையில் எழுந்தால் மக்கள் மறுத்துவிடுவார்கள்; எனவே அதற்கு முன்னர், "பிள்ளைக்குச் சுகமில்லாதபோது உங்களுக்குத் தெரிவிக்க இந்த அனுமதி தேவை" என்று ஒரு வரி சொல்லுங்கள். இத்தனைக்கும் பின், பதினைந்து நிமிடத்தில் பார்க்கப்படாத அவசரச் செய்தி தானாகவே குறுஞ்செய்தியாக மாறட்டும். அதற்கும் மறுமொழி இல்லையென்றால் அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் ஆசிரியையின் முன் வரட்டும். அந்தக் கடைசி வழி இல்லாமல் செயலியை வெளியிடாதீர்கள்.

விடுமுறை நாட்காட்டி நிலையத்துக்கு நிலையம் மாறும். முஸ்லிம் பாடசாலைகள் நோன்புக் காலத்தையொட்டித் தனி விடுமுறை ஒழுங்கைப் பின்பற்றுவதால், அவற்றை அண்டிய முன்பள்ளிகளும் அப்படியே செய்யலாம். நாட்காட்டியை நிலையத்தாரே நிரப்பும்படி விடுங்கள்.

ஏழாம் படி: பிள்ளையின் தரவு

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 16 வயதுக்குக் குறைந்தவரைப் பிள்ளையாகக் கொண்டு, பிள்ளை தொடர்பான தரவைச் சிறப்பு வகைத் தரவுகளுள் சேர்க்கிறது. பெற்றோரின் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் சம்மதம் இங்கே அடிப்படை. சம்மதப் படிவத்தை எளிய தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, கூட்டத்தில் வாசித்துக் காட்டி, கேள்வி கேட்க நேரம் கொடுத்துக் கையொப்பம் பெறுங்கள். படங்களுக்கான சம்மதம் தனியாக இருக்க வேண்டும். படத்துக்கு மறுத்தவருக்குச் செயலியின் மற்ற வேலைகள் எதுவும் குறையக் கூடாது.

தேசிய அடையாள அட்டை எண், மதம், வருமானம் ஆகிய எதுவும் இந்தச் செயலிக்குத் தேவையில்லை. ஒவ்வாமை, தொடர்ந்து எடுக்கும் மருந்து, அவசரத்தில் அழைக்க வேண்டிய எண் ஆகியவை தேவை. படம் எடுத்தால் அதற்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிட்டே சேமியுங்கள். பூட்டிய கைபேசியின் முகப்பில் நோயின் பெயர் தெரியக் கூடாது. ஒரே கைபேசியை வீடே பயன்படுத்துகிறது என்பதை மறவாதீர்கள். பிள்ளை முன்பள்ளியை விட்டுச் சென்றபின் பதிவுகளை எத்தனை மாதத்தில் அழிப்பீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெற்றோர் பிரிந்து வாழும் நிலையில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்ற முடிவைச் செயலி எடுக்கக் கூடாது. அது நிலையப் பொறுப்பாளரின் பொறுப்பு.

ஆசிரியையைப் பற்றிய முறைப்பாடு ஆசிரியையின் திரைக்கே போகும்படி அமைந்த செயலிகளைப் பார்த்திருக்கிறேன். அது பாரதூரமான குறை. முறைப்பாட்டுக்குத் தனி வழி வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற எண்ணும் பெற்றோர் திரையில் எப்போதும் தெரிய வேண்டும்.

எட்டாம் படி: காகிதத்தில் சோதித்தல், பிறகு கட்டுதல்

கைபேசி அளவில் வெட்டிய காகிதங்களில் திரைகளை வரைந்து, ஆசிரியையிடம் கொடுத்து, "மாதவன் வந்துவிட்டான், பதியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். விளக்கம் சொல்ல வாய் துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே பிழை இருக்கிறது. மூன்று ஆசிரியைகள், ஒரு தாய், ஒரு தந்தை, ஓர் அம்மம்மா என்று ஆறு பேரிடம் சோதித்தாலே பெரிய பிழைகள் எல்லாம் வெளிவந்துவிடும். அடுத்த சுற்றைத் திரை வடிவமைக்கும் மென்பொருளான ஃபிக்மாவில் வரைந்து, உண்மையான கைபேசியில், வாசலில், பத்து மணி வெயிலில் சோதியுங்கள். அறைக்குள் அழகாகத் தெரிந்த சாம்பல்நிற எழுத்து அந்த வெளிச்சத்தில் காணாமல் போயிருக்கும்.

கட்டுவதற்கு ஃபிளட்டர் போன்ற கருவி போதும். முதலில் அண்ட்ரொய்டுக்கு மட்டும் செய்யுங்கள். கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒருமுறை 25 டொலர் கட்ட வேண்டும். அப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டொலர். புதிதாகத் திறக்கும் தனிநபர் கணக்காயின், செயலியைப் பொதுவில் வெளியிடுமுன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் மூடிய சோதனையில் பங்கேற்க வேண்டும் என்று கூகுள் கேட்கிறது. ஒரு முன்பள்ளியின் பெற்றோரே அந்தப் பன்னிருவராக இருக்கலாம்; அந்த இரண்டு வாரங்களை வெறும் சடங்காகக் கழிக்காமல், அவர்கள் சொல்வதை நாள்தோறும் எழுதித் திருத்துங்கள்.

ஒன்பதாம் படி: ஒரு முன்பள்ளியில் ஒரு தவணை

முதல் தவணை முழுவதும் வரவுப் புத்தகமும் அறிவித்தல் பலகையும் முன்போலவே இருக்கட்டும். செயலி பழுதானாலும் பிள்ளைகளின் நாள் பழுதாகக் கூடாது. கைபேசியே இல்லாத வீடுகளின் பட்டியல் ஆசிரியையின் திரையில் தனியாக வரட்டும்; அவர்களுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பை அது அவருக்கு நினைவூட்டும். வாரத்துக்கு ஒருமுறை இரண்டை மட்டும் அளந்து பாருங்கள்: ஆசிரியை ஒரு நாளில் செயலிக்குச் செலவிட்ட நிமிடங்கள், அனுப்பிய அவசரச் செய்திகளில் ஒரு மணித்தியாலத்துக்குள் பார்க்கப்பட்டவை. முதலாவது பத்து நிமிடத்தைத் தாண்டினால் எதையாவது நீக்குங்கள். செயலியை ஒரு நாளில் எத்தனை முறை திறந்தார்கள் என்ற எண் உங்களுக்கு எதையும் சொல்லாது; அமைதியாகக் கழியும் நாளில் பெற்றோர் அதைத் திறக்கவே தேவையில்லை.

தொடங்கும் முன்பே நிலையத்தாருடன் ஒரு தாளில் எழுதி ஒப்பமிட வேண்டியவை சில உண்டு. குறுஞ்செய்திக்கும் சேவையகத்துக்கும் மாதந்தோறும் பணம் கட்டுபவர் யார், நீங்கள் பட்டம் பெற்று வேலைக்காகக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போனபின் பழுது பார்ப்பவர் யார், சேவையகத்தின் திறவுகோல்கள் அப்போது யாரிடம் இருக்கும் என்பவை அவை. விடை கிடைக்காவிட்டால் செயலியை நிறுத்தும் தேதியையும் அதே தாளில் குறியுங்கள். நிறுத்துவதற்கு ஒரு மாதம் முன்பே பெற்றோருக்கு அறிவித்து, வரவுப் பதிவுகளை அச்சிட்டு நிலையத்தாரிடம் கொடுத்து, சேவையகத்தில் உள்ள பிள்ளைகளின் தரவு முழுவதையும் அவர்கள் கண்முன்னே அழித்துவிட்டு வாருங்கள்.